பார்சல் எங்கே நிற்கிறது?

கற்பிட்டியில் கடை வைத்திருக்கும் எனக்கு, சீனாவிலிருந்து ஓடர் செய்யும் கைத்தொலைபேசி உதிரிப்பாகங்களே பெரும் தலையிடி. 'சீனாவிலிருந்து புறப்பட்டது' என்பதோடு இணையத்தில் தகவல் நின்றுவிடும். வாடிக்கையாளரோ தினமும் வந்து கேட்பார்.

காரணத்தைத் தபால் இலக்கத்திலேயே காணலாம். சர்வதேசத் தபால் இலக்கத்துக்கு 13 இடங்கள்: முதலில் 2 ஆங்கில எழுத்து, அடுத்து 9 இலக்கம், இறுதியில் அனுப்பும் நாட்டின் 2 எழுத்து. சீனா என்றால் 'சீ.என்.'

முதலெழுத்து 'யூ' என்றால் அது சாதாரணப் பொதி, வழிநெடுகப் பதிவாவதில்லை. 'ஆர்' பதிவுத்தபால், 'ஈ' விரைவுத்தபால். இவை கையளிக்கப்படும்போது கையொப்பம் வாங்கப்படும்.

ஆகவே வியாபாரிகளே, பணம் செலுத்துமுன் எந்த வகையில் அனுப்புவார் என்று விற்பவரிடம் கேளுங்கள். 'யூ'வில் வரும் சரக்குக்கு வாடிக்கையாளரிடம் நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள்.