பத்து நிமிட இஸ்திரியும் அறுபது நாள் மின்விசிறியும்

சென்ற ஐப்பசி அடைமழையில் பிள்ளைகளின் சீருடை காயவே இல்லை. காலையில் ஈரச் சட்டையை இஸ்திரி போட்டு உலர்த்திக்கொண்டிருந்தோம். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வெந்நீர்க் கெட்டிலும் ஓடியது. பத்து நிமிடம் ஆகியிருக்கும், கருவாடு தீய்ந்தது போல ஒரு வாடை. சுவிட்சை அணைத்துவிட்டு, சுவரில் சொருகியிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். கையைச் சுட்டது. பித்தளை முள் ஒன்று கறுத்திருந்தது. அது நுழைந்திருந்த துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பக்கமாக இளகிச் சரிந்திருந்தது.

அன்று செலவான மின்சாரம் எவ்வளவு? இஸ்திரிப் பெட்டி 1000 வாட், கெட்டில் 1500 வாட். ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு யூனிட். அப்படிப் பார்த்தால் 2500 வாட் பத்து நிமிடத்துக்கு அரை யூனிட்கூட வராது. கரண்ட் பில்லில் சில ரூபாய், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில ரூபாய் மின்சாரம் வீட்டையே கொளுத்தியிருக்கும்.

வாட் என்பது வேகம். அந்த நொடியில் எவ்வளவு விரைவாக மின்சாரம் செலவாகிறது என்பதற்கான அளவு. யூனிட் என்பது அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதன் மொத்தக் கணக்கு. நாம் பயப்படுவதெல்லாம் யூனிட்டுக்கு. வயரோ வாட்டுக்குத்தான் சூடாகிறது.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2500-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11 ஆம்பியர். எங்கள் பாக்ஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது 6 ஆம்பியர். கம்பியில் பிறக்கும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. முள் தளர்ந்து லூஸ் காண்டாக்ட் ஆன இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தாலே போதும், 11 ஆம்பியருக்கு அங்கே 24 வாட் சூடு. ரேடியோ மெக்கானிக் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்!

கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று மனைவி கேட்டாள். அது 16 ஆம்பியருக்கானது. 11 ஆம்பியர் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதுதான் அதன் வேலை. நாம் கடையில் வாங்கிச் சொருகும் மலிவான பாக்ஸ் அதன் கணக்கில் இல்லை. ஆகவே இஸ்திரி, கெட்டில், கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றைச் சுவரிலுள்ள பெரிய 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. ஃபியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஆள் மேல் ஷாக் அடிப்பதற்கும் எம்.சி.பி. காவல் இல்லை. உயிரைப் பறிக்க ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே அதிகம். ஷாக்கிலிருந்து காக்க, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும்.

இனி பில்லுக்கு வருவோம். வயரைத் துளியும் சுடாத 75 வாட் மின்விசிறி இரவுபகலாக 60 நாள் ஓடினால் 108 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிறோமே, அது முழுவதையும் அந்த ஒரு விசிறியே விழுங்கிவிடும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி என்றால் 43 யூனிட்டோடு நின்றுவிடும்.

இதற்கு மேலும் பில் எகிறினால் மீட்டரைச் சோதிக்கலாம், கருவி எதுவும் வேண்டாம். மீட்டர் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்திலேயே யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகும் விடாமல் மினுங்கினால் எங்கோ கசிவு, அல்லது வேறு யாருடைய லைனோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. அடுத்து 1500 வாட் கெட்டிலை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 80 வர வேண்டும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் எண்ணிக்கையும் குறையும். நூற்றைத் தாண்டினால் சந்தேகப்பட நியாயம் உண்டு.

அப்போது மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். மின் நுகர்வோர் உரிமைகள் பற்றி மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த விதிகளில் 2024-இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. ரீடிங் உண்மைப் பயன்பாட்டோடு பொருந்தவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது அது. பலருக்கு இது தெரியாது. நாமாகக் கேட்டால்தான் நடக்கும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின்குறைதீர்ப்பாளர். இரண்டுமே 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் தந்த வழிகள்.

வழக்கு நடக்கும்போது ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற அச்சத்திலேயே பலர் வாய் திறப்பதில்லை. அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இவற்றில் எது குறைவோ அதை ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று. வாடகைத் தகராறில் வீட்டுக்காரர் கரண்டை நிறுத்துவதைத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தடை செய்கிறது. சப் மீட்டர் வைத்திருந்தால் மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் அதன் எண்ணைத் தேதியோடு செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த மனு கொடுத்தாலும் நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.