பரவைக்கடலும் மரக்கோலும்

கோப்பாயைச் செம்மண் தோட்டங்களுக்கும் ஆசிரிய கலாசாலைக்கும் பேர்போன கிராமமாக மட்டுமே அறிந்தவர்கள், அதன் கிழக்கெல்லையில் உப்பாறு என்னும் பரவைக்கடல், வலிகாமத்தையும் தென்மராட்சியையும் இருகூறாகப் பிரித்துக்கொண்டு தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரியை நோக்கி நீண்டு கிடப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மாரிமழையில் நிரம்பித் ததும்புவதும், ஆவணி புரட்டாசியில் பல பாகங்களில் வற்றி உப்புப் பூத்த வெளியாகிவிடுவதும் இந்நீர்நிலையின் சுபாவம். ஆகவே இங்கே ஜலக்கிரீடையை விரும்புவோர், மழை ஓய்ந்து, நீர் வற்றாமல், சோளகக் காற்றும் பிறக்காமல் இருக்கும் தை முதல் பங்குனி வரையிலான காலத்தையே தேர்ந்துகொள்ளல் உசிதம். பூநாரைகளைக் காணும் பாக்கியமும் அப்போதுதான் கிட்டக்கூடும்.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், சமுத்திரங்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த கதையை நாம் சலிக்காமற் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும்! ஆனால், நெஞ்சளவு நீரில் வள்ளம் தாங்குகிறவனுடைய வித்தையைப் பற்றி எவரும் பேசக் காணோம். ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள யாழ்ப்பாணக் கடல்நீரேரி பல இடங்களில் ஆளுயரத்துக்கும் குறைந்த ஆழமுடையதாதலால், அங்கே துடுப்பைவிட மரக்கோலே பெரிதும் உதவுகிறது. பின்னணியத்தில் நின்று, கோலைச் சற்றே பின்சரிவாக ஊன்றி, உடலின் பாரத்தை அதன்மேற் சாய்த்து, வள்ளம் முன்னேறத் தொடங்கிய கணத்தில், சேறு கோலைக் கவ்விக்கொள்ளுமுன் ஒரு சிறு திருகலோடு அதைப் பிடுங்கியெடுக்க வேண்டும். அந்தத் திருகலை மறந்தவனிடமிருந்து வள்ளம் போய்விடும், கோல் மாத்திரம் சேற்றில் நிற்கும், அவனோ கோலோடு தொங்குவான்.

இக்காலத்தில் வழக்கத்துக்கு வந்துள்ள கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகு, ஆழமற்ற நீரில் இலகுவாய் மிதப்பதால் பரவைக்கடலுக்குப் பொருத்தமானதே. எனினும் இலேசான அந்தப் படகைக் காற்று தன்னிஷ்டப்படி தள்ளிச்செல்லும். வைகாசி தொடங்கி வீசும் சோளகம் மத்தியானத்துக்குப் பின் வலுத்து, ஆழங்குறைந்த நீரிற் குறுகிய, செங்குத்தான அலைகளை எழுப்புகிறபடியால், புறப்படுவது விடியற்காலையிலும், போவது காற்றை எதிர்த்தும், திரும்புவது காற்றோடும் என்றிருத்தல் நலம். இறால் பிடிப்பதற்காகக் கம்புகள் நட்டுக் கட்டிய சிறகுவலைகளை விலகியே செல்லவேண்டும். அவை ஒரு குடும்பத்தின் ஜீவனோபாயம். நீரில் இறங்குவோர் பாதத்தைத் தூக்கி வைக்காமல், சேற்றிலே உரசியபடி நகர்த்தினால், அடியிற் புதைந்து கிடக்கும் திருக்கை கலைந்து போய்விடும்; மிதிபட்டால் அதன் வால்முள் பல மணிநேரம் வேதனை தரும்.

உப்பாற்றிலிருந்து நேரே கடல்நீரேரிக்குள் போய்விடலாமென்று எண்ணுவோர், குறுக்கே அரியாலையில் ஓர் அணை உண்டென்பதை அறிந்திருத்தல் வேண்டும். உவர்நீரைத் தடுத்து, மழைநீரைத் தேக்கி, உப்பாற்றையே நன்னீராக்கிவிடலாமென்று பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த யாழ்ப்பாண ஆற்றுத் திட்டத்தின் ஓர் அங்கம் அது.

உயிர்காப்பு அங்கியை, நீர் இடுப்பளவுதானே என்று கரையில் விட்டுச் செல்வது மடமை. சேற்றிற் கால் புதைந்தவனுக்கு இடுப்பளவே அதிகம். முதன்முறை செல்வோர் அவ்விடத்து மீனவர் ஒருவரைக் கூலிபேசி அழைத்துச் செல்வதே மேல். அந்தக் கூலியிற் பேரம் பேசுவது, என் அபிப்பிராயத்தில், அழகல்ல.