அகதி யார்? இடம்பெயர்ந்தவர் யார்?

2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத முற்பகுதியில் மூதூரில் மூண்ட போரினால் மூதூர், தோப்பூர்ப் பிரதேச முஸ்லிம்கள் கந்தளாயில் தஞ்சமடைந்தனர். அதே ஆண்டில் சம்பூர்ப் பகுதித் தமிழ் மக்கள் மட்டக்களப்பு வரை சென்றனர். இவ்விரு சாராரையும் பேச்சு வழக்கில் நாம் 'அகதிகள்' என்றே அழைத்தோம். எனினும் ஆங்கிலத்தில் 'ரெபியூஜி', 'டிஸ்பிளேஸ்ட்' என்னும் இரு சொற்களும் ஒரே பொருளைத் தருவன அல்ல.

'ரெபியூஜி' ஒரு பெயர்ச்சொல். மதக் கெடுபிடியினால் பிரான்ஸை விட்டு வெளியேறிய புரட்டஸ்தாந்து மக்களைக் குறிக்க 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் இது வழங்கலாயிற்று. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின்படி, இனம், மதம் முதலிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தினால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரே 'ரெபியூஜி' ஆவார். மன்னாரிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தை அடைந்தோரை இச்சொல்லால் அழைப்பர். கந்தளாய்க்குச் சென்றோருக்கு இது பொருந்தாது.

'டிஸ்பிளேஸ்ட்' என்பதோ வினையடியாகப் பிறந்த எச்சம். 'பேர்சன்ஸ்' போன்ற பெயர்ச்சொல் அதனைத் தொடர வேண்டும். முன்னால் 'த' சேர்ந்தால் தனித்து நின்றே பன்மைப் பொருள் தரும். இறுதியில் பன்மை விகுதி சேர்த்தல் பிழையாகும். இதன் மூலவினை செயப்படுபொருள் குன்றா வினையாதலால், ஒருவரை அவரது இடத்திலிருந்து ஏதோ ஒன்று அகற்றியது என்ற பொருள் இச்சொல்லினுள்ளேயே அடங்கியிருக்கிறது.

தமிழில் 'இடம்பெயர்ந்தோர்' என்னும்போது இப்பொருள் மறைந்துவிடுகிறது. 'பெயர்ந்த' என்பது தன்வினை. தாமாகவே சென்றனர் எனவும் கொள்ள இடமுண்டு. 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்பதே ஆங்கிலச் சொல்லுக்கு நெருங்கியது. 'அகதி' என்றாலோ கதியற்றவர் என்ற இரக்கமே மிஞ்சுகிறது.

இவ்வேறுபாடு இலக்கணத்தோடு முடிந்துவிடுவதில்லை. அகதிக்கு முதலில் வேண்டியது வேற்று நாட்டின் புகலிடம். உள்நாட்டில் இடம்பெயர்க்கப்பட்டவரோ தம் நாட்டின் பிரஜையாகவே இருந்து உரிமை கோருகிறார். 1998 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டிக் கோட்பாடுகள் சட்டக் கட்டுப்பாடு உடையன அல்லவாயினும், பாதுகாப்புடனும் கண்ணியத்துடனும் சொந்த இடம் திரும்புவதற்கும், விட்டுச் சென்ற காணியையும் உடைமையையும் மீளப் பெறுவதற்கும் உதவும் கடப்பாட்டை அந்நாட்டு அதிகாரிகள் மீதே சுமத்துகின்றன.

ஆகவே காணி தொடர்பாக ஆங்கிலத்தில் மகஜர் எழுதுவோர், தமிழராயினும் முஸ்லிமாயினும், 'டிஸ்பிளேஸ்ட்' என்ற சொல்லையே கையாள வேண்டும். முன்னையது அடைக்கலத்தை நாடும் சொல். பின்னையது இழந்த இடத்தைக் கேட்கும் சொல்.