மண் பூசினால்தான் தேவாலயம் நிற்கும்! நியூ மெக்சிகோ 'ஹை ரோடு' கிராமங்களுக்கு ஒரு ரவுண்ட்

அமெரிக்கா என்றதும் வானுயர்ந்த கட்டடங்களும் அகலமான நெடுஞ்சாலைகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அதே அமெரிக்காவில் ஸ்பெயின் ஆட்சிக்காலத்தில் உருவான மலைக் கிராமங்கள், மண் சுவர், வாய்க்கால் பாசனம், ஸ்பானிஷ் பேச்சு என இன்றைக்கும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை இணைக்கும் மலைச்சாலைதான் 'ஹை ரோடு டு தாவோஸ்'.

நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகர் சாந்தா ஃபேயிலிருந்து தாவோஸ் போக இரண்டு வழிகள் உண்டு. ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய 'லோ ரோடு' சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சுமார் 90 கி.மீ நீளமுள்ள 'ஹை ரோடு', சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடரில் வளைந்து வளைந்து ஏறும். அந்த மலைப்பெயருக்கு ஸ்பானிஷில் 'கிறிஸ்துவின் ரத்தம்' என்று அர்த்தம். 1610-ல் உருவான சாந்தா ஃபேயே சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலும் ஏறுகிறோம்!

சிமாயோ: மண்ணுக்காக ஒரு நடைப்பயணம்

முதலில் வரும் முக்கியமான ஊர் சிமாயோ. நெசவுக்கும் மிளகாய்க்கும் பெயர்பெற்ற இங்கே, 1816-ல் கட்டி முடிக்கப்பட்ட சிறிய தேவாலயம் இருக்கிறது. உள்ளறையில் ஒரு சின்னக் குழி. அதிலிருக்கும் மண் நோய் தீர்க்கும் என்பது மக்களின் நம்பிக்கை. மண் தீரத் தீர, பக்கத்துக் குன்றுகளிலிருந்து எடுத்துவந்து நிரப்புகிறார்கள். புனித வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே வருகிறார்கள். சாந்தா ஃபேயிலிருந்து மட்டுமல்ல, 140 கி.மீ தாண்டியிருக்கும் அல்புகர்க்கியிலிருந்தும்கூட!

அடுத்து வரும் கோர்டோவா, மரச்சிற்பங்களுக்குப் பிரபலம். வண்ணம் பூசாமல், மரத்தின் நிறத்திலேயே புனிதர்களின் உருவங்களைச் செதுக்குவது இவர்கள் ஸ்டைல்.

ட்ருச்சாஸும் தண்ணீரும்

8,000 அடி உயரத்தில், மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கிறது ட்ருச்சாஸ். ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி 1988-ல் வெளியான 'தி மிலாக்ரோ பீன்ஃபீல்ட் வார்' படம் இங்கேதான் படமாக்கப்பட்டது. தன் அவரைத் தோட்டத்துக்குத் தடையை மீறித் தண்ணீர் பாய்ச்சும் ஓர் ஏழை விவசாயியின் கதை அது.

இந்தக் கிராமங்களின் உயிர்நாடியும் தண்ணீர்தான். பனி உருகி வரும் நீரை வயல்களுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்காலுக்கு 'அசேக்கியா' என்று பெயர். அரபு மொழியிலிருந்து ஸ்பானிஷுக்குப் போன சொல் இது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு 'மயோர்டோமோ', அதாவது மேற்பார்வையாளர் உண்டு. யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை முறைப்படுத்துவது அவர்தான். வசந்த காலத்தில் பாசனதாரர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். வர முடியாதவர்கள் கூலிக்கு ஆள் அனுப்பலாம்.

2022-ல் இதே மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், வனத்துறை திட்டமிட்டு வைத்த தீ கட்டுப்பாட்டை மீறி, 3.4 லட்சம் ஏக்கரை எரித்தது. மாநில வரலாற்றிலேயே மிகப்பெரிய காட்டுத்தீ அது. வீடுகளோடு சேர்ந்து, பல அசேக்கியாக்களும் சாம்பலாலும் வெள்ளம் அடித்துவந்த சேற்றாலும் தூர்ந்துபோயின.

12 குடும்பங்கள் உருவாக்கிய ஊர்

1751-ல் 12 குடும்பங்கள் வந்து குடியேறிய ஊர் லாஸ் ட்ராம்பாஸ். கோமாஞ்சே பழங்குடியினரின் தாக்குதல்களைத் தடுக்கும் எல்லைக் காவலாகவே இந்த ஊரை அமைத்தது ஸ்பெயின் அரசு. 1760-க்குப் பிறகு ஊர் மக்கள் கட்டிய சான் ஹோசே தேவாலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஊருக்கு அருகே, மரத்தைக் குடைந்து செய்த தொட்டிப்பாலம் வழியாக வாய்க்கால் நீர் போவதையும் பார்க்கலாம்.

சிமென்ட் தோற்ற இடம்

சாலையின் முடிவில், தாவோஸுக்குச் சற்று முன்னால் வருகிறது ராஞ்சோஸ் டி தாவோஸ். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்த, புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் படமெடுத்த சான் ஃபிரான்சிஸ்கோ தேவாலயம் இங்கேதான் இருக்கிறது.

வைக்கோல் கலந்த மண்ணை அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த 'அடோபி' கற்களால் கட்டப்பட்டது இது. மழையிலும் பனியிலும் மேல்பூச்சு கரைவதால், அடிக்கடி மண் பூச வேண்டும். அந்த வேலையே வேண்டாம் என்று 1967-ல் சுவர்களுக்குக் கெட்டியான சிமென்ட் பூச்சு கொடுத்தார்கள். விளைவு, விரிசல் வழியே உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கி, மண் கற்களை அரிக்கத் தொடங்கியது. 1979-ல் சிமென்ட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மறுபடியும் மண்ணுக்கே திரும்பினார்கள். இப்போது ஆண்டுதோறும் கோடையில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றுகூடி மண் குழைத்துப் பூசுகிறார்கள். பூசுவதற்குக் கைகள் இருக்கும்வரைதான் இந்தச் சுவர்கள் நிற்கும். வேலை தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விடும் ஊர்களில், இதுதான் இப்போதைய பெரிய கவலை.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை சிறந்த சீஸன். ஆஸ்பென் மரங்கள் பொன்னிறத்துக்கு மாறும் நேரம் அது.
* குளிர்காலத்தில் சாலையில் பனி கொட்டும். வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
* பெட்ரோலை சாந்தா ஃபேயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேப்பையும் முன்கூட்டியே டவுன்லோடு செய்துவிடுங்கள்.
* தேவாலயங்களிலும், வழியிலுள்ள பூர்வகுடி ஊர்களிலும் போட்டோ எடுக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. கேட்டுவிட்டு கேமராவை எடுங்கள்.
* 1992-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாவோஸ் புவேப்லோவுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். ஸ்பானியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பூர்வகுடிகள் எழுப்பிய மண் வீடுகள் அவை. இன்றும் அங்கே மக்கள் வசிக்கிறார்கள்!