சிகிச்சையின் இலக்கு எது?

புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் நிகழும் காட்சி ஒன்று உண்டு. நோயாளி உள்ளே வந்து அமர்ந்ததும் பரிசோதனை அறிக்கையை நீட்டுவார். மருத்துவரின் கண் நேரே அதிலுள்ள எண்ணுக்குச் செல்லும். எண் குறைந்திருந்தால் இருவர் முகத்திலும் மலர்ச்சி. கூடியிருந்தால் மருத்துவரிடம் கண்டிப்பு, நோயாளியிடம் குற்ற உணர்வு. தேர்வு முடிவு வெளியாகும் நாளின் பள்ளிக்கூடத்தைப் போல அறை மாறிவிடும். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நடந்துகொண்டவன். அதனால் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குவதே முறை.

மேற்படிப்பை முடித்து வேறோர் ஊரில் பணியாற்றிய காலம் அது. எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் நீரிழிவுக்காக என்னிடம் வந்துகொண்டிருந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பூச்சந்தைக்குச் சென்று உதிரிப்பூ வாங்கி வந்து, சரமாகக் கட்டிக் கோயில் வாசலில் விற்பது அவருடைய தொழில். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அவருக்கு 9-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரைகளைக் கூட்டினேன். ஆறு மாதங்களில் அது 6.3-க்கு இறங்கியது. குறிப்பேட்டில் 'மிக நன்று' என்று எழுதி நிமிர்ந்தேன். அம்மையாரின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

உடன் வந்த மகள்தான் பேசினார். "அம்மா சந்தைக்குப் போறதையே விட்டுட்டாங்க டாக்டர். விடிகாலையில கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்துட்டாங்க." அம்மையார் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க சொன்ன நம்பருக்கு வந்துட்டேன் சார். வியாபாரம்தான் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது இதுதான். இரவில் உட்கொண்ட மாத்திரை விடியும்வரை வேலை செய்துகொண்டிருந்தது. வெறும் வயிற்றோடு அவர் சந்தைக்கு நடந்தார். சர்க்கரை தேவையான அளவுக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே செல்வதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். முதியவர்களுக்கு அது மயக்கத்தையும், விழுந்து எலும்பு முறிவதையும், சிலவேளைகளில் உயிராபத்தையும் கொண்டுவரும். அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது உண்கிறார், எதற்காக உடல்நலம் வேண்டுகிறார் என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் அந்த மாத்திரையை அந்த அளவில் எழுதியிருக்க மாட்டேன். பின்னர் மருந்தை மாற்றினோம். எச்பிஏ1சி 8-க்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும் என்று முடிவு செய்தோம். சில வாரங்களில் அவர் மீண்டும் சந்தைக்குச் சென்றார். ஆனால் கோயில் வாசலில் அவர் அமர்ந்திருந்த இடத்தில் அதற்குள் வேறொருவர் கடை போட்டிருந்தார்.

எண் நன்றாக இருந்தும் மனிதர் நன்றாக இல்லாமற்போவது எப்படி? மருத்துவ உலகம் இதனைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்துடிப்பு இடையிடையே தவறுவதுண்டு. அத்தகையோர் திடீரென இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பது தெரிந்திருந்தது. ஆகவே தவறும் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் உயிர் காக்கப்படும் என்று நம்பினார்கள். என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்னும் மருந்துகள் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. இதய வரைபடம் சீரானது. ஆனால் 'காஸ்ட்' என்னும் ஆய்வு வேறோர் உண்மையை 1989-இல் வெளிக்கொணர்ந்தது. போலி மாத்திரை பெற்றவர்களைவிட இம்மருந்துகளைப் பெற்றவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. வரைபடம் நலம் பெற்றது, நோயாளி பெறவில்லை.

நீரிழிவிலும் இதற்கு ஒப்பான பாடம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரைக் கொண்டு நடந்த 'அக்கார்டு' ஆய்வில், இதய நோய் அபாயம் மிகுந்த நீரிழிவு நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு எச்பிஏ1சி 6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. மற்றவர்களுக்கு 7 முதல் 7.9 வரை. கடுமையான இலக்கை வைத்துக்கொண்ட பிரிவில் 257 பேரும் மற்றதில் 203 பேரும் இறந்திருந்ததால், 2008 பிப்ரவரியில் அந்தக் கடுமையான சிகிச்சை நிறுத்தப்பட்டது.

இதைப் படித்துவிட்டு, சர்க்கரையைக் கட்டுப்படுத்தவே வேண்டியதில்லை என்று எவரும் கருதிவிடக் கூடாது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களிடம் பிரிட்டனில் நீண்டகாலம் நடந்த ஆய்வின் முடிவு 1998-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 7 என்ற சராசரியில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, 7.9 என்ற சராசரியில் இருந்தவர்களைவிட, கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் நேரும் கேடுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. நாற்பது வயதில் நீரிழிவு தொடங்கியவருக்கு முன்னே முப்பது, நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. அவருடைய கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்க, 7 அல்லது அதற்கும் கீழான அளவு தகுந்த இலக்காகலாம். எழுபத்தைந்து வயதில், இதய நோயும் நடைத்தளர்ச்சியும் உள்ளவருக்கு 8 போதுமானதாக இருக்கலாம். நோய் ஒன்றுதான், இலக்கு ஒன்றன்று. அதை முடிவு செய்ய இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. வாழ்க்கையைப் பற்றிய செய்தியும் வேண்டும். அந்தச் செய்தி உங்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே மூன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுவோம். முதலாவது நோக்கம்: நீங்கள் எதற்காக நலமாக இருக்க விரும்புகிறீர்கள் என்பது. பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது, இன்னும் ஐந்தாண்டு வேலையில் நீடிப்பது, பிறர் துணையின்றிக் குளிப்பது என அது எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது அளவு: சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை போன்றவை. நோக்கத்தை நோக்கிச் சரியான பாதையில் செல்கிறோமா என்பதைக் காட்டும் மைல்கற்கள் இவை. மூன்றாவது செயல்: இன்று நீங்கள் செய்யக்கூடியது. மாலையில் அரைமணி நேரம் நடப்பது, மாத்திரையை நேரத்துக்கு உட்கொள்வது, உறங்கும் முன் பாதங்களைப் பார்த்துக்கொள்வது.

இம்மூன்றில் முழுமையாக உங்கள் கையில் இருப்பது செயல் மட்டுமே. அளவு முழுவதும் உங்கள் வசத்தில் இல்லை. சளிக்காய்ச்சல், மூட்டுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, உறக்கமின்மை, வீட்டில் ஒரு துக்கம் என எதுவும் சர்க்கரையைக் கூட்டும். நோயின் இயல்பே ஆண்டுகள் செல்லச்செல்ல மருந்தைக் கூடுதலாகக் கேட்பதுதான். ஆகவே, மூன்று மாதம் ஒழுங்காக நடந்தும் உண்டும் வந்த ஒருவருடைய அளவு கூடியிருந்தால் அவர் தோற்றுவிட்டதாகப் பொருளில்லை. மருந்தை மாற்றும் நேரம் வந்திருக்கிறது என்பதே பொருள். குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொள்ளப்பட்டவர் அடுத்த முறை பரிசோதனைக்கு முன் மூன்று நாள் மட்டும் பட்டினி கிடப்பார், அல்லது வராமலே இருந்துவிடுவார். எச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கைச் சொல்வதால் அந்த மூன்று நாள் பட்டினியால் பயனும் இல்லை.

அடுத்து, வாழ்க்கை உடலோடு முடிந்துவிடுவதில்லை. நோய்நொடி இல்லாதிருப்பது மட்டும் நலமாகாது. உடல், மனம், சமூக உறவு ஆகிய மூன்றிலும் நிறைவு பெற்றிருப்பதே நலம் என உலக சுகாதார நிறுவனம் 1948-இல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தில் வரையறுத்தது. பிற்காலத்தில் அந்நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளவிடும் வினாப்பட்டியல் ஒன்றைப் பல நாட்டு மையங்களின் துணையுடன் உருவாக்கியது. அம்மையங்களுள் சென்னையும் ஒன்று. ஒருவர் தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கொண்டு தம் நிலையை எவ்வாறு உணர்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம் என்று அது கொண்டது. அதன் 26 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவம் உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்னும் நான்கு பகுதிகளைத் தொடுகிறது. போதிய பணம் இருக்கிறதா என்பதுகூட அதில் ஒரு வினா.

இப்பகுதிகள் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை. உடலுக்கு நல்லது பணத்துக்குச் சுமையாகலாம். விலை மிகுந்த மருந்தை எழுதிக்கொடுத்தால் அதை வாரத்தில் நான்கு நாள் மட்டும் உட்கொண்டு, மருத்துவரிடம் சொல்லத் தயங்குவோர் பலர். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். போக்குவரத்தையும் சேர்த்தால் வாரத்தில் மூன்று நாள் அதற்கே போய்விடும். உடன் வரும் மகனுடைய வேலையும் அதில் அடங்கும். மகளின் திருமணம் முடியட்டும் என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட விரும்புவோரும் உண்டு. சில அறுவைகள் இரண்டு மாதம் காத்திருக்கும், சில இரண்டு நாள்கூடக் காத்திருக்காது. எது எவ்வகை என்பதைச் சொல்வது எங்கள் கடமை. உங்களுக்கு எது முதன்மையானது என்பதைச் சொல்வது உங்கள் உரிமை. மறைத்தால் இருவரும் இருட்டில் முடிவெடுப்பவர்களாவோம்.

முதியவருடைய நோக்கமும் பிள்ளைகளுடைய நோக்கமும் வேறுபடுவதும் உண்டு. 'எவ்வளவு செலவானாலும் எல்லாவற்றையும் செய்யுங்கள்' என்று மகன் கேட்பார். 'வலியில்லாமல் என் வீட்டில் இருந்தால் போதும்' என்று தந்தை நினைத்திருப்பார், சொல்லியிருக்க மாட்டார். இரண்டும் அன்பிலிருந்து வருபவையே. பேச முடியாத நிலை வருவதற்கு முன், நன்றாக இருக்கும் நாளிலேயே, பெரியவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. கேட்பதால் அமங்கலம் எதுவும் நேர்ந்துவிடாது. கேட்காமல் விட்டதற்காக வருந்திய குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, அறிக்கையுடன் ஒரு சிறு தாளையும் எடுத்து வாருங்கள். அதில் நான்கு செய்திகள் போதும்.

ஒன்று, முன்பு செய்துகொண்டிருந்து, இப்போது நோயாலோ மருந்தாலோ செய்ய முடியாமற்போன ஒரு காரியம். இரண்டு, வரும் ஓராண்டில் நீங்கள் கட்டாயம் செய்ய விரும்பும் ஒரு காரியம். மூன்று, எழுவது, உண்பது, வேலை, உறக்கம் ஆகியவற்றின் நேரம். நான்கு, சிகிச்சையில் உங்களுக்குத் தாங்க முடியாததாக இருப்பது. அது செலவாகவோ, ஊசியாகவோ, அச்சமாகவோ இருக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நெரிசல் மிகுந்த நாளில் நாங்கள் கேட்க மறந்துவிடுவதுண்டு.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். இக்கட்டுரையைப் படித்து மருந்தைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். எந்த மாற்றமும் மருத்துவரோடு பேசிய பின்னரே. அடுத்து, நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லையெனில் மீண்டும் குடித்து, மருத்துவமனைக்கு வாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். சரியாகிவிட்டாலும் அந்நிகழ்வை மறக்காமல் தெரிவியுங்கள். பூ விற்ற அம்மையார் ஆறு மாதம் அதைச் சொல்லாமல் இருந்தார். நானும் கேட்காமல் இருந்தேன். இப்போது நலம் விசாரித்த பிறகே அறிக்கையைக் கையில் வாங்குகிறேன்.