கொடுங்கோல் நாவலும் வினைமுற்றின் விகுதியும்

திருவனந்தபுரத்தில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பயில்கின்றனர். இரண்டையும் அருகருகே வைத்துக் காண்போர்க்கு ஒரு வேற்றுமை உடனே புலப்படும். தமிழ் வினைமுற்று 'வந்தான், வந்தாள், வந்தார்' எனப் பாலையும் மதிப்பையும் உணர்த்தும்; மலையாளத்திலோ யாவர்க்கும் 'வந்நு' ஒன்றே. கொடுங்கோல் உலகைக் கற்பனை செய்யும் நாவல்களில் இச்சிறு விகுதி பெரும்பொருள் உடையதாகிறது.

இவ்வகையில் பெயர்பெற்றது ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984'. ஆர்வெல் பீகாரின் மோத்திஹாரியில் 1903-இல் பிறந்தவர். 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் பணியாற்றியவர். அவர் படைத்த அரசு புதியதொரு மொழியையே சமைக்கிறது. 'தீய' என்னும் சொல் வேண்டா, 'நல்லதல்லாத' என்பதே போதும் என்கிறது. சித்திரவதை நிகழும் இடத்துக்கு 'அன்பு அமைச்சகம்' என்று பெயர். மங்கலமல்லாததை மங்கலமாக வழங்குவது நன்னூலாரும் கூறிய வழக்கே. ஆனால் சுடுகாட்டை நன்காடு என்ற நம் முன்னோர் துயருற்றோர் மனம் நோகாமை கருதினர். இவ்வரசு கருதுவது கேட்போர் வினவாமையை.

மலையாளத்தில் ஓ. வி. விஜயன் எதிர்வழி சென்றார். நெருக்கடி நிலைக்கு முன்னரே எழுதப்பெற்று, 1985-இல் நூலான அவரது 'தர்மபுராணம்' இடக்கரடக்கலை அடியோடு கைவிடுகிறது. ஆட்சித்தலைவனின் மலங்கழிப்பைப் புராண நடையில், வடசொற்கள் முழங்க விவரிக்கிறது. முகஞ்சுளிக்க வைக்கும் நூல்தான். ஆயினும், அரசவைப் புகழுரை எதனை மூடி மறைக்கிறது என்பதை இத்துணை விரைவில் வேறெவ்வாறு காட்ட இயலும்?

இனி விகுதிக்கு வருவோம். '1984' நாவலின் சுவரொட்டிகள், பெரியண்ணன் எனப்படும் தலைவன் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பதாக எச்சரிக்கின்றன. ஆங்கில வினையில் மதிப்பும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. தமிழில் எழுதுவோர் 'பார்க்கிறான்' என்பதா, 'பார்க்கிறார்' என்பதா என்று துணிந்தே ஆகவேண்டும். அரசுக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நம் கை தானாகவே 'ஆர்' விகுதியை எழுதிவிடும். சுவரொட்டிக்கு அதுவே பொருந்தும். ஆனால் கதைத்தலைவன் வின்ஸ்டன் தன் மனத்துள் வெறுப்போடு நினைக்குமிடத்தில் 'ஆன்' விகுதியன்றோ வரவேண்டும்! சித்திரவதைக்குப்பின், கடைசிப் பக்கத்தில் அவன் அத்தலைவனையே நேசிக்கத் தொடங்குகிறான். அங்கே, ஒரு விளக்கமும் இன்றி, அவன் நினைவிலும் 'ஆர்' வந்துவிட வேண்டும். மலையாளத்தில் எழுதுவோர்க்கு வினையில் இவ்வசதி இல்லை. அவர் 'அவன்' என்பதை 'அத்தேஹம்' என மாற்றித்தான் அவ்வீழ்ச்சியைக் காட்டவேண்டும்.