எடை குறைய ஆபரேஷன்: முடிவு செய்யும் முன் யோசியுங்கள்

மாதேஸ்வரன் மலை:

அமாவாசை நாளில் மாதேஸ்வரன் மலைக்கு வரும் கூட்டத்தில் தமிழர்கள் ஏராளம். சேலம், தர்மபுரி, ஈரோடு பக்கத்திலிருந்தும் மைசூர், பெங்களூரிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். அடிவாரமான தாளபெட்டாவிலிருந்து நடந்தே மலை ஏறுவதாக வேண்டிக்கொள்வது காலங்காலமான வழக்கம்.

உடல் பருத்தவர்களுக்கு இந்த வேண்டுதல் லேசானதல்ல. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். முழங்கால் வலிக்கும். பஸ்ஸில் வந்து இறங்கினாலும் தரிசன வரிசையில் நிற்க முடியாது. “அம்மா, வயிற்றைச் சுருக்குகிற ஆபரேஷன் பெங்களூரில் செய்கிறார்களாம். செய்துவிடலாமே!” என்கிறான் மகன். “இந்த வயதில் எனக்குக் கத்தி எதற்குடா?” என்கிறாள் தாய். பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இரண்டு வகை

எடைக் குறைப்புக்கு அதிகமாகச் செய்யப்படும் ஆபரேஷன்கள் இரண்டு. ஒன்று ‘ஸ்லீவ்’. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ வடிவில் குழாயாக விடுவார்கள். மற்றது ‘பைபாஸ்’. இரைப்பையின் மேல் முனையைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலில் சற்றுத் தள்ளி இணைத்துவிடுவார்கள். பசி குறையும், சாப்பாடும் குறையும். ஒன்றிரண்டு ஆண்டில் மொத்த எடையில் கால் பங்கு குறைவது சாதாரணம். பலருக்குச் சர்க்கரை நோய் கட்டுக்குள் வருகிறது. தூக்கத்தில் மூச்சுத் திணறுவதும் குறைகிறது. ஆனால் வெட்டிய இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

அழகுக்காகக் கொழுப்பை எடுக்கும் ஆபரேஷன் வேறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ் இறந்தது கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் பிறகுதான். அவருக்கு வயது 21.

யாருக்குச் செய்யலாம்?

இதற்கு ‘பி.எம்.ஐ.’ என்ற கணக்கு உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 2009-ல் இந்திய நிபுணர்கள் வகுத்த வரம்பு 37.5. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் இருந்தால் 32.5. அதாவது 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 96 கிலோ. நோய் இருந்தால் 83 கிலோ. 2022-ல் சர்வதேச டாக்டர் சங்கங்கள், ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன. அதே உயரத்துக்கு அது வெறும் 70 கிலோ!

இன்சூரன்ஸ் கணக்கோ வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய் போன்ற கடும் நோயும் இருக்க வேண்டும். வேறு வழிகளில் முயன்று பலிக்காமல் போயிருக்கவும் வேண்டும். முன்பணம் கட்டும் முன் பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

இப்படி வரம்பு இடத்துக்கு இடம் மாறுவதால், தராசு முள்ளை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஆயுள் முழுவதும் விரதம்

ஆபரேஷனுக்குப் பின் நாலு நாளில் வீடு திரும்பிவிடலாம். கஷ்டம் அதன் பிறகுதான். கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. பைபாஸ் செய்தவர் மலையில் பிரசாத லட்டு ஒன்றை முழுதாகத் தின்றால் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு வரலாம். இரும்புச்சத்து, கால்சியம், பி-12 மாத்திரைகளை ஆயுள் முழுவதும் விடக் கூடாது. விட்டால் ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். இளம் பெண்கள் ஒன்று, ஒன்றரை ஆண்டு கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும்.

அனுபவமுள்ள ஆஸ்பத்திரிகளில் உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கும் குறைவுதான். ஆனாலும் தையலில் கசிவு, காலில் ரத்தக்கட்டு போன்றவை வரலாம். உடனே டாக்டரைப் பார்க்க வழி இருக்க வேண்டும். இந்த மலையிலிருந்து மைசூருக்கே சுமார் 150 கி.மீ. வயலையும் கடையையும் விட்டுவிட்டு ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக முடியுமா?

2025-ல் மவுஞ்சாரோ, வீகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. கத்தி வேண்டாதவர்கள் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பக்கூடும். செலவும் தொடரும்.

என்ன கேட்க வேண்டும்?

டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்: எனக்கு எந்த வகை, ஏன்? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? கோளாறு வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது? மாத்திரை, பரிசோதனைச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு?

வீட்டில் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. தனக்கென்று தனிச் சமையல், தனி நேரம் என்று கேட்டால் வீட்டார் முகம் சுளிக்காமல் இருப்பார்களா? மகன் ஆபரேஷனுக்குப் பணம் கட்டிவிடலாம். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தாய்தான் காக்க வேண்டும். அதனால் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும்.